பழைய லெப்டொப்பில் வைஃபை காணாமல் போனால்

(இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக டிக்கோயாவில் நடந்த தகவல் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



சென்ற முறை பிறப்புப் பதிவு பற்றியும் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பது பற்றியும் பேசினோம். கூட்டம் கலையும்போது ஒரு தங்கச்சி வந்து, "மிஸ், அங்க ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் இருக்கு. இங்க வந்ததுல இருந்து வைஃபையே காட்ட மாட்டேங்குது. கடையில ஃபோர்மட் அடிக்கணும்னு சொல்றாங்க" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர், "எங்களுக்கும் அதேதான் மிஸ்" என்றார்கள். ஆகவே இன்று இது ஒன்றையே பேசப் போகிறேன்.

நான் கலைப்பீடத்தில் படித்தவள், எஞ்சினியர் இல்லை. இன்று சொல்லப் போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினியர் தேவையும் இல்லை. பொறுமையும், ஒரு போன் கேபிளும், ஒரு பென் டிரைவும் இருந்தால் போதும்.

முதலில் அந்த லெப்டொப்பைப் பற்றி. (நீங்கள் லேப்டாப் என்பீர்கள், இங்கே லெப்டொப் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், பிள்ளைகள் கடையில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.) தமிழ்நாட்டு அரசு 2011 செப்டெம்பர் 15ஆம் திகதி இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். முகாம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்ததும் அந்தப் பள்ளிகளில்தான். அப்படிக் கிடைத்த கருவிகளில் பல இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. பெட்டரி நிற்காது, மூடியின் கீல் தளர்ந்திருக்கும், இரண்டு மூன்று எழுத்துகள் தேய்ந்திருக்கும். ஆனாலும் புறப்படும்போது பாத்திரம் பண்டத்தை அங்கேயே கொடுத்துவிட்டு இதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள். ஏன் என்று எனக்கும் தெரியும். அதற்குள் உங்கள் கடதாசிகள் இருக்கின்றன.

அந்தக் கடதாசிகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் வைஃபைக்குப் போக மாட்டேன். 1977இலும் 1983இலும் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், பிறகு கடல் தாண்டிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. இந்தியாவில் அகதியாக இருந்தவர்களை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குள் கொண்டுவந்தது. ஆகவே தாத்தாவின் பெயர் உள்ள ஒரு பழைய தோட்டத் துண்டு, பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைக்குப் பதிந்த பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ் ஆகிய எல்லாமே இங்கே உங்களுக்குத் தேவைப்படும். அசல் மழையில் நனைந்திருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். படம் மட்டும் லெப்டொப்பில் தங்கியிருக்கும். படத்தை வைத்து எல்லா வேலையும் முடியாது என்பது உண்மை. ஆனால் அசலுக்குப் பதில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கும்போது பதிவு இலக்கம், திகதி, பிரிவு மூன்றையும் கேட்பார்கள். அந்த மூன்றும் அந்தப் படத்தில் இருக்கும்.

இப்போது கடைக்காரர் சொன்ன 'ஃபோர்மட்' என்றால் என்ன என்று பாருங்கள். அது லயத்துக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை இல்லை. உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு வீட்டைக் கழுவுவது. கழுவிய பிறகு வீடு சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் சாமான் திரும்பி வராது. வைஃபை வரவில்லை என்பதற்காக அதைச் செய்வது என் கணக்கில் அநியாயம். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு அதுதான் சீக்கிரம் முடிகிற வேலை.

ஆகவே வைஃபையைத் தேடுவதற்கு முன் பென் டிரைவைச் செருகுங்கள். வைஃபை இல்லாவிட்டாலும் யூ.எஸ்.பி. துளை வேலை செய்யும். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு பெட்டிகளையும் முழுதாகப் பிரதி எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதி ஆகாது. முடிந்தால் இரண்டாவது பென் டிரைவில் இன்னொரு முறை எடுத்து, வேறு வீட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். இந்த மலையில் ஏன் வேறு வீட்டில் என்கிறேன் என்பதை மண்சரிவு பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: படமாக அனுப்பினால் அது சுருங்கி, சின்ன எழுத்து கலங்கிவிடும். 'டொகியுமென்ட்' என்று தெரிவு செய்து அனுப்பினால் அப்படியே போகும்.

சரி, வைஃபை.

நாம் 'வைஃபை இல்லை' என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு குறைகளை ஒரே பெயரால் சொல்கிறோம். திரையின் வலப்பக்கம் கீழ் மூலையில் இருக்கும் அடையாளத்தை அழுத்திப் பாருங்கள். வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் அது ஒரு குறை. பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்கள் வருகின்றன, உங்களுடையது மட்டும் பட்டியலில் இல்லை என்றால் அது இன்னொன்று. வைஃபை என்ற சொல்லே அங்கு இல்லை, பட்டியலே வரவில்லை என்றால் அது மூன்றாவது. முதல் இரண்டிலும் லெப்டொப்பில் பெரும்பாலும் பழுது இருக்காது. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

இணைந்தும் பக்கம் திறக்காவிட்டால் முதலில் போனில் டேட்டா முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் பாதிப் பேருக்கு அதுதான். அடுத்து மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். லெப்டொப்புக்குள் ஒரு சின்ன வட்டப் பெட்டரி இருக்கிறது, பலவற்றில் சீ.ஆர். 2032 என்ற வகை. மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த லெப்டொப்பில் அது செத்துப்போய், திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். இணையத்தளங்கள் தங்கள் அடையாளத்தைக் காட்ட ஒரு சான்றிதழை அனுப்பும். அதற்குக் காலவரம்பு உண்டு. உங்கள் லெப்டொப் இன்னும் 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். திகதியையும் நேரத்தையும் சரியாக வைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். நேர வலயத்தை மாற்ற வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். 2006 ஏப்ரல் 15 முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான், ஆகவே மணி மாறாது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் திகதி பின்னுக்குப் போனால் அந்த வட்டப் பெட்டரியை மாற்ற வேண்டும். சின்னச் செலவுதான்.

இன்னொரு காரணம், வின்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14உடன் நிறுத்திவிட்டது. அதில் ஓடும் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதனால் சில தளங்கள் திறக்காமல் இருக்கலாம். அது வைஃபையின் குற்றம் இல்லை.

இரண்டாவது குறை: ஊரில் உள்ள வைஃபையெல்லாம் தெரிகிறது, நம் போனின் ஹொட்ஸ்பொட் மட்டும் தெரியவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் புதிய போன்தான். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் போகிறது, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று. பழைய லெப்டொப்புகளில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். போன் 5இல் கத்திக்கொண்டிருந்தால் இதன் காதில் விழாது. போனில் செட்டிங்ஸுக்குப் போய், ஹொட்ஸ்பொட் பகுதியில் 'பேண்ட்' என்று இருப்பதை 2.4 ஆக மாற்றுங்கள். சில போன்களில் அதே இடத்தில் 'எக்ஸ்டென்ட் கொம்பட்டிபிலிட்டி' என்று இருக்கும், ஐபோனில் 'மெக்சிமைஸ் கொம்பட்டிபிலிட்டி'. அதை ஒன் செய்தால் போதும். பாதுகாப்பு வகை 'டபிள்யூ.பி.ஏ. 3' என்று இருந்தால் 'டபிள்யூ.பி.ஏ. 2' ஆக மாற்றுங்கள். பழைய கருவிக்கு 3 புரியாது.

நம் இடத்துக்கு 2.4 பொருத்தமும்கூட. வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். லயத்துக் கற்சுவரையும் தகரக் கூரையையும் தாண்ட 5 படும்பாடு பெரிது. மலை மறைப்பதால் போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் வாசலில் ஒரு மூலை, அல்லது படிக்கட்டில் ஒரு படி என்று இருக்கும். போனை அந்த இடத்தில் வைத்துவிட்டு லெப்டொப்போடு நீங்கள் உள்ளே இருக்கலாம். இரண்டும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

இனி மூன்றாவது, வைஃபையே காணாமல் போவது. உங்களில் அதிகம் பேர் சொன்னதும் இதுதான்.

காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். பழைய லெப்டொப்புகளில் வைஃபையை நிறுத்த ஒரு தனிச் சுவிட்ச் இருந்தது. சிலவற்றில் முன் ஓரத்தில் நகத்தால் தள்ளும் ஒரு சின்னச் சுவிட்ச். பெட்டியில் துணிக்கு நடுவில் திணித்துக்கொண்டு வந்தபோது அது தள்ளுப்பட்டிருக்கலாம். வேறு சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் கோபுரம் போலவோ விமானம் போலவோ படம் போட்ட ஒரு விசை இருக்கும். கீழே இடப்பக்கம் உள்ள 'எஃப்.என்.' விசையை அழுத்திக்கொண்டே அதை அழுத்த வேண்டும். பல லெனோவாக்களில் அது எஃப் 5, பல ஏசர்களில் எஃப் 3, எச்.பி.யில் பெரும்பாலும் எஃப் 12. மாதிரிக்கு மாதிரி மாறும், ஆகவே எண்ணைவிட படத்தை நம்புங்கள். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு செம்மஞ்சளிலிருந்து நீலமாகவோ வெள்ளையாகவோ மாறினால் வேலை முடிந்தது. வின்டோஸ் 10 என்றால் 'ஏரோப்ளேன் மோட்' ஒன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதில் வராவிட்டால் லெப்டொப்பை முழுதாக உறங்க வையுங்கள். வின்டோஸ் 10இல் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது அரைத் தூக்கம்தான் போகும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். அடியில் உள்ள பெட்டரியையும் கழற்றுங்கள், பழைய லெப்டொப்புகளில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் வந்துவிடும். பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும், மயங்கிக் கிடந்த வைஃபை கார்டு புதிதாக எழும்பும். பெட்டரியை மாட்டிப் போடுங்கள். இது மந்திரம் போலத் தெரியும். ஆனால் பல தடவை இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

சார்ஜர் என்றதும் ஒரு விடயம். அங்கேயும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட்தான், ஆகவே சார்ஜருக்கு ஆபத்தில்லை. ப்ளக்தான் வேறு. பழைய லயங்களில் வட்ட முள் பொருந்தும், புதிய வீடுகளில் சதுர முள்ளுக்கான துளை இருக்கும். தயவுசெய்து மேல் துளைக்குள் பேனா மூடியைக் குத்தி வட்ட முள்ளைத் திணிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுகிறார்கள். கடையில் அடப்டர் கேட்டு வாங்குங்கள்.

இதற்குப் பிறகு 'டிவைஸ் மெனேஜர்' என்ற பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். லெப்டொப்பின் அவயவங்களுக்கான வரவுப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போல. வின்டோஸ் 10 என்றால் ஸ்டார்ட் பட்டனை வலப்பக்கச் சொடுக்கினால் அந்தப் பெயர் வரும். வின்டோஸ் 7 என்றால் ஸ்டார்ட்டைத் திறந்து 'கம்பியூட்டர்' என்பதை வலப்பக்கச் சொடுக்கி, 'புரொப்பர்ட்டீஸ்' போனால் இடப்பக்கத்தில் இருக்கும். உள்ளே 'நெட்வேர்க் அடப்டர்ஸ்' என்ற வரியைத் திறங்கள். வயர்லெஸ் என்றோ வைஃபை என்றோ ஒரு பெயர் இருக்க வேண்டும்.

பெயர் இருந்து, அதன் மேல் கீழ்நோக்கிய சின்ன அம்பு இருந்தால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கச் சொடுக்கி 'எனேபிள்' கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அல்லது 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் பெயர் தெரியாத ஒன்று நின்றால், ஆள் வேலைக்கு வந்திருக்கிறார், ஆனால் அவர் பேசும் மொழி வின்டோஸுக்குப் புரியவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் 'டிரைவர்'. வின்டோஸை 7இலிருந்து 10க்கு மாற்றிய லெப்டொப்புகளில் இது அடிக்கடி நடக்கும். பெயர் ஒழுங்காக இருந்து, அடையாளம் எதுவும் இல்லாமல், அப்படியும் பட்டியல் வராவிட்டால் ஸ்டார்ட்டில் 'சர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'டபிள்யூ.லேன் ஓட்டோகொன்ஃபிக்' என்ற வரியைப் பாருங்கள். அது நின்று போயிருந்தால் 'ஸ்டார்ட்' கொடுத்து, 'ஓட்டோமெட்டிக்' என்று வைத்துவிடுங்கள்.

டிரைவர்தான் குறை என்றால் அதை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டது போல. இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுக் கடைக்குப் போகிறார்கள்.

வழி உங்கள் கையில் இருக்கும் போன்தான். அண்ட்ரொய்ட் போனை அதன் சார்ஜ் கேபிளால் லெப்டொப்பில் செருகுங்கள். போனில் டேட்டாவை ஒன் செய்துவிட்டு, செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கும் அதே பக்கத்தில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை ஒன் செய்யுங்கள். கேபிள் செருகாமல் அந்த வரி மங்கலாகவே இருக்கும், அதைப் பார்த்து என் போனில் இது இல்லை என்று நினைக்க வேண்டாம். சில விநாடிகளில் லெப்டொப் அதை ஒரு கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டுக்கு இதில் வேலையே இல்லை. சார்ஜ் மட்டும் ஏறி இணைப்பு வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் டேட்டா போகும் கம்பியே இருக்காது.

இணைப்பு வந்ததும் டிவைஸ் மெனேஜரில் அந்த மஞ்சள் வரியை வலப்பக்கச் சொடுக்கி 'அப்டேட் டிரைவர்' கொடுங்கள். வின்டோஸ் 10 பெரும்பாலும் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுங்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று மினுக்கிக்கொண்டு வரும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். டிரைவர் வந்தவுடன் டெதரிங்கை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வின்டோஸ் தன் மற்றத் திருத்தங்களையும் இறக்கத் தொடங்கி உங்கள் டேட்டாவை ஒரு பகலில் குடித்துவிடும்.

நெட்வேர்க் அடப்டர்ஸில் வயர்லெஸ் என்ற பெயரே இல்லை என்றால் கார்டு செத்துவிட்டதா, அல்லது வின்டோஸ் பார்க்கவில்லையா? இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அங்கே பள்ளியில் கொடுத்த லெப்டொப்புகள் பலவற்றில் வின்டோஸோடு 'பொஸ் லினக்ஸ்' என்ற இந்திய அரசு நிறுவனமான சீ-டக் தயாரித்த இயங்குதளமும் இருந்தது. போடும்போது இரண்டில் எது என்று கேட்குமே, நீங்கள் எப்போதும் வின்டோஸையே அழுத்திவிட்டுப் போவீர்கள். ஒரு தடவை மற்றதை அழுத்துங்கள். அங்கே வைஃபை பட்டியல் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, குறை வின்டோஸில்தான், மேலே சொன்ன டிரைவர் வழிக்குத் திரும்புங்கள். லினக்ஸ் உங்கள் லெப்டொப்பில் இல்லை என்றால் உபுண்டுவையோ மின்ட்டையோ பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 'ட்ரை' என்பதை மட்டும் அழுத்த வேண்டும், 'இன்ஸ்டோல்' அல்ல. 'ட்ரை' உங்கள் கோப்புகளைத் தொடாது. பிரதி எடுத்த பென் டிரைவை இதற்குப் பாவிக்காதீர்கள், லினக்ஸ் ஏற்றும்போது அதில் உள்ளது அழியும்.

லினக்ஸிலும் வரவில்லை என்றால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வைஃபை கார்டு தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பச்சைத் துண்டு. அடி மூடியைக் கழற்றினால் தெரியும். அதில் இரண்டு மெல்லிய கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, பொத்தான் போல அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அவை திரைக்குப் பின்னால் இருக்கும் அன்டெனாவுக்குப் போகின்றன. கம்பி கழன்றால் பக்கத்தில் இருக்கும் வைஃபை மட்டும் மெலிதாகத் தெரியும். கார்டே துளையிலிருந்து கிளம்பியிருந்தால் பெயர் பதிவேட்டில் இருக்காது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, ஈரம். திருச்சிப் பக்கத்து வெயிலில் பத்து வருடம் இருந்த கருவி, இங்கே மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கும் மழைக்கும் சுவரில் வழியும் ஈரத்துக்கும் வந்திருக்கிறது. கார்டின் பொன்னிறப் பற்களில் மெல்லியதாகக் களிம்பு படியும். கார்டைக் கழற்றி, அந்தப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினால் உயிர் வந்த லெப்டொப்புகள் உண்டு. பெட்டரியைக் கழற்றாமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது. கை நடுங்குகிறவர்கள் இதை மட்டும் கடையில் கொடுங்கள்.

ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். புகைக்கரி ஈரத்தைவிட மோசம். கண்ணாடி அலுமாரியோ இறுக்கமான டப்பாவோ போதும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எறியாமல் அதற்குள் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள், அந்தச் சூடே உள் ஈரத்தை விரட்டும்.

கார்டு உண்மையிலேயே செத்துவிட்டால் புதிய கார்டு வாங்கிப் போடலாம் என்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். சில பழைய லெனோவா, எச்.பி. லெப்டொப்புகள் தாங்கள் அறிந்த கார்டைத் தவிர வேறொன்றை ஏற்றுக்கொள்ளாது, போட்டால் எழும்பவே எழும்பாது. யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபைத் துண்டு கேளுங்கள், நகத்தளவு இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் முன்பு சொன்ன கேபிள் டெதரிங்கிலேயே காலம் தள்ளலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி, "இவ்வளவு பாடுபடறதுக்குப் போனே போதாதா மிஸ்?" என்று கேட்டார். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசப் போன் போதும், அதற்கு லெப்டொப் வேண்டாம். ஆனால் அவருடைய மகன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து வந்து இங்கே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். வரலாறு அவனுக்கு முழுக்கப் புதிது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்கள் இருக்கின்றன. அவற்றை ஐந்து அங்குலத் திரையில் ஒரு நாள் பார்க்கலாம், ஒரு வருடம் பார்க்க முடியாது. விண்ணப்பக் கடிதம் தட்டச்சு செய்வதும் அப்படித்தான்.

இன்னொரு ஐயா கேட்டது: "கடைக்குத்தான் போகணும்னா என்னா சொல்லணும்?" நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். சுவிட்ச் பார்த்தது, பெட்டரி கழற்றிப் போட்டது, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா இல்லையா, லினக்ஸில் வந்ததா இல்லையா. அதன் கீழே 'ஃபோர்மட் செய்ய வேண்டாம்' என்று பெரிதாக எழுதி, துண்டை மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். தொகையை முன்கூட்டியே கேளுங்கள். யூ.எஸ்.பி. வைஃபை வாங்கினால் உங்கள் லெப்டொப்பில் செருகி, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டோடு இணைந்து ஒரு பக்கம் திறப்பதை அங்கேயே பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.